அழைப்பும் ஆணையும்: கடல்கடந்த படைமுகாம்களில் ஆசிரியர்கள்

ஆசிரியப் பணியை ஓர் அழைப்பு என்று நாம் சொல்லி வருகிறோம். பள்ளி ஆண்டு விழாக்களிலும் ஓய்வுபெறும் ஆசிரியருக்கு நடைபெறும் பாராட்டுக் கூட்டங்களிலும் இச்சொல் தவறாது ஒலிக்கும். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இலட்சக்கணக்கான இளைஞருக்கு அழைப்பு என்பது அஞ்சலில் வந்து சேர்ந்த அரசாங்க ஆணையாகவே இருந்தது. இன்ன நாளில் இன்ன முகாமில் வந்து சேர வேண்டும் என்பதே அதன் வாசகம். அவ்வாறு படைக்கு இழுக்கப்பட்டவர்களுள் ஆசிரியர்களும், ஆசிரியராகப் போகிறவர்களும் இருந்தனர். அவர்களுள் பலர் துப்பாக்கிக்குப் பதிலாகச் சுண்ணக்கட்டியைக் கையில் ஏந்தி, கடல்கடந்த நாடுகளில் போர்வீரர்களுக்கு எழுத்தும் கணக்கும் கற்பித்தனர். ஆணையின் பேரில் செய்யப்படும் கற்பித்தல் உண்மையான கற்பித்தலாகுமா என்னும் வினாவை அவர்களுடைய வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதனை ஆராய்வதற்குக் காரணம் உண்டு. குறிப்பிட்ட தவணைக்குக் கடல் கடந்து போய்ப் பணியாற்றித் திரும்பும் வாழ்க்கை காரைக்குடி வட்டாரத்துக்குப் புதிதன்று. நகரத்தார் கடைகளின் முகவர்கள் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு, மூன்றாண்டுக் கணக்குக்குப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்றனர். பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்த சிறுவர்கள் அங்கேயே கணக்கும் கடிதமும் கற்றனர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குச் சென்ற 'ரஜூலா' கப்பலின் பெயர் இன்றும் முதியோர் நாவில் இருக்கிறது. வீட்டை விட்டுப் பிரிதல், தவணை முடியும் நாளை எண்ணுதல், கடிதத்துக்குக் காத்திருத்தல் ஆகியவற்றை இவ்வூர்கள் நன்கறியும். ஆயினும் முகவர் தம் குடும்பத்தின் நன்மையை நாடிச் சென்றார். படை ஆசிரியர் தம் விருப்பம் கேட்கப்படாமல் அனுப்பப்பட்டார். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

படைக்குள் பள்ளிக்கூடம்

பிரித்தானியப் படையில் பள்ளியாசிரியர்களுக்கெனத் தனிப் பிரிவு 1846-இல் அரச ஆணையால் ஏற்பட்டது. முதல் உலகப்போருக்குப் பின், 1920-இல், அது படைக் கல்விப் பிரிவாக விரிவாக்கப்பட்டது. 1946-இல் 'ராயல்' என்னும் அடைமொழியும் பெற்றது. படிப்பறிவில்லாத வீரனால் வரைபடம் பார்க்கவோ எழுத்தில் வரும் கட்டளையைப் புரிந்துகொள்ளவோ இயலாது. ஆதலால் படைக்குக் கல்வி தேவைப்பட்டது. வீரனுடைய நலனைவிடப் படையின் தேவையே முதற்காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரில் இந்நோக்கம் விரிந்தது. எதற்காகப் போரிடுகிறோம் என்று அறியாத படை சோர்ந்துவிடும் என்னும் அச்சத்தால், 1941-இல் நடப்புச் செய்திகளுக்கான படைச் செயலகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதிகாரிகள் தம் வீரர்களுடன் அமர்ந்து, போருக்குப் பிந்திய வீட்டுவசதி, வேலைவாய்ப்பு, மருத்துவம் முதலியவற்றைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்பது ஏற்பாடு. கற்பித்தவர்கள் எதிர்பாராத விளைவுகளும் தோன்றின. 1944-இன் தொடக்கத்தில் கெய்ரோ நகரிலிருந்த வீரர்கள் மாதிரி நாடாளுமன்றம் ஒன்றை நடத்தி, அதில் தொழிற்கட்சிக்குப் பெரும்பான்மை அளித்து, வங்கிகளை நாட்டுடைமையாக்கும் தீர்மானத்தை விவாதித்தனர். மேலிடம் அதனை நிறுத்திவிட்டது. 1945 தேர்தலில் தொழிற்கட்சி பெருவெற்றி பெற்றபோது, தோற்ற கட்சியினருள் சிலர் படைக் கல்வியின்மீதே பழி சுமத்தினர். அந்தப் பழி முழுவதும் பொருந்தாது. எனினும், கல்வியைக் கட்டளையிட்டுத் தொடங்கலாம், அது எங்கே போய் நிற்க வேண்டும் என்று கட்டளையிட இயலாது என்னும் உண்மையை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

ஈராண்டுத் தவணை

போர் முடிந்த பின்னும் பிரித்தானியாவில் கட்டாயப் படைச்சேவை நீங்கவில்லை. 1949 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, உடல் தகுதியுள்ள பதினெட்டு வயது ஆண்கள் பதினெட்டு மாதங்கள் படையில் இருக்க வேண்டும். கொரியப் போரின் காரணமாக 1950 அக்டோபரில் இத்தவணை ஈராண்டாக உயர்ந்தது. சுரங்கத் தொழிலாளர், குருமார் முதலிய சிலருக்கு விலக்கு உண்டு. மனச்சாட்சியின் பேரில் மறுப்போர் நடுவர் மன்றத்தின் முன் தம் காரணத்தைக் கூற வேண்டும். கல்லூரி மாணவர் படிப்பை முடித்த பின் சேரலாம். கடைசியாகச் சேர்க்கப்பட்டவர்கள் 1960-இன் இறுதியில் சேர்ந்தனர். கடைசி வீரர் 1963 மே மாதம் விடுவிக்கப்பட்டார்.

படிப்பு மிகுந்தவர்களுள் ஒரு பகுதியினர் கல்விப் பிரிவுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர். முதலில் எல்லோரையும்போல அணிவகுப்பும் துப்பாக்கிப் பயிற்சியும். பின் பீக்கன்ஸ்ஃபீல்டில் இருந்த படைக் கல்விப் பள்ளியில் குறுகிய காலப் பயிற்சி. அதன் பின் சார்ஜண்ட் பதவியின் மூன்று பட்டைகள் சட்டைக் கையில் ஏறிவிடும். ஜெர்மனி, சைப்பிரஸ், சூயெஸ் கால்வாய்ப் பகுதி, மலாயா, சிங்கப்பூர், ஹாங்காங் என்று பல இடங்களுக்கு அவர்கள் அனுப்பப்பட்டனர். இருபது வயது இளைஞர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் போர்முனைகளில் அலைந்து அதே பதவியைப் பெற்றவர்களுடன் ஒரே மேசையில் அமர்ந்து உண்ண வேண்டியிருந்தது. இந்தக் கூச்சத்தை அவர்களுடைய நினைவுக் குறிப்புகள் பலவும் பேசுகின்றன.

அவர்களிடம் வந்த மாணவர்கள் யார்? பதவி உயர்வுக்குப் படைக் கல்விச் சான்றிதழ் தேவைப்பட்ட வீரர்கள் ஒரு சாரார். அணிவகுப்பின் களைப்புத் தீர நாற்காலியில் அமர்ந்து உறங்க இடம் கிடைத்ததே போதும் என்று வந்தவர் மற்றொரு சாரார். மூன்றாம் சாரார்தாம் அந்த இளம் ஆசிரியர்களைக் கலங்கச் செய்தவர்கள். சட்டப்படி பள்ளியில் ஆண்டுக்கணக்காக அமர்ந்திருந்தும், தாய்க்கு ஒரு கடிதம் எழுத இயலாதவர்கள் அவர்கள். அவர்களுக்கெனத் தொடக்கக் கல்வி நிலையங்கள் தனியாக நடத்தப்பட்டன. வளர்ந்த ஆண்மகன், தன்னினும் இளையவரான ஆசிரியர்முன் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வெட்கத்தைத் தாங்குவதற்குப் பொறுமை வேண்டும். அந்த வெட்கம் அறிந்து கற்பிக்கும் ஆசிரியருக்கு அதனினும் மிகுந்த பொறுமை வேண்டும்.

நல்ல பள்ளிகளில் படித்து வந்த பட்டதாரிகளுக்கு, தம் நாட்டுப் பள்ளிகள் யாரைக் கைவிட்டன என்பது படைமுகாமிலேதான் தெரிந்தது. 1959-இல் வெளியான குரௌதர் அறிக்கை இதனை வேறொரு வகையில் உறுதிப்படுத்தியது. கட்டாயச் சேவைக்கு வந்த இளைஞரை ஆராய்ந்த அக்குழு, மிகுந்த அறிவாற்றல் படைத்தவர்களுள்ளும் பலர் பதினைந்து வயதிலேயே பள்ளியை விட்டுவிட்டனர் என்று கண்டது. குடும்பத்தின் பொருள்நிலையும் பழக்கமுமே அதற்குப் பெரிதும் காரணமாயிருந்தன.

இவ்வனுபவம் சிலருடைய வாழ்நாட்பணியையே வகுத்தது. லீட்ஸ் நகர எளிய குடும்பத்தில் பிறந்த ரிச்சர்ட் ஹாகர்ட் 1940-இல் படைக்குச் சேர்க்கப்பட்டு, பீரங்கிப் படையில் பணியாற்றிய பின், இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் கல்வி அதிகாரியாக வீரர்களுக்கென ஒரு கலைக் கழகத்தை நடத்தினார். 1946-இல் விடுவிக்கப்பட்டதும் ஹல் பல்கலைக்கழகத்தின் முதியோர் கல்வித் துறையில் சேர்ந்தார். தொழிலாளர் குடும்பங்களின் வாசிப்பைப் பற்றி 1957-இல் அவர் வெளியிட்ட நூல் புகழ்பெற்றது. அந்தோணி பர்ஜெஸ் என்னும் பெயரில் எழுதிய ஜான் வில்சனும் போர்க்காலத்தில் சேர்க்கப்பட்டு, ஜிப்ரால்ட்டரில் 1946 வரை கல்விப் பயிற்றுநராக இருந்தவர். பின்னர் 1954-இல் அவரே மலாயாவின் கோலகங்சாரில் ஆசிரியரானார். மலாயாவைக் களமாகக் கொண்ட அவருடைய மூன்று புதினங்களில் தமிழரும் வருகின்றனர்.

மலாயாவின் மறுபக்கம்

மலாயா என்றதும் நாம் சற்றே நிற்க வேண்டும். 1948 ஜூனில் அங்கே நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது. கட்டாயச் சேவை இளைஞர் பலர் அங்கு அனுப்பப்பட்டனர். முகாமுக்குள் எழுத்தறிவு வளர்ந்த அதே ஆண்டுகளில், முகாமுக்கு வெளியே சுமார் ஐந்து இலட்சம் மக்கள் இடம்பெயர்க்கப்பட்டுக் கம்பிவேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். தொழிற்சங்கத் தலைவராகிய தமிழர் எஸ். ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். ஆட்சியாளருக்கு அது சட்டத்தின் தீர்ப்பு. தோட்டத் தமிழர் பலருக்கு அது ஆறாத துயரம்.

கல்விப் பயிற்றுநர் யாரையும் சுடவில்லை. ஆயினும் அவர் கற்பித்த எழுத்து எந்த இயந்திரத்துக்கு எண்ணெயாயிற்று என்னும் கேள்வியிலிருந்து அவர் முற்றும் விலகி நிற்க முடியாது. கட்டாயப்படுத்தப்பட்டவர் என்பதனால் அவர் பொறுப்பு குறையலாம், இல்லாமற் போகாது. அவருடைய நினைவுகளை மதிக்கிற நாம், வேலிக்கு மறுபுறத்தில் இருந்தோருடைய நினைவுகளையும் அவற்றோடு சேர்த்தே படித்தல் நேர்மையாகும்.

இந்தியப் படையும் எழுத்தும்

இந்தியருக்குக் கட்டாயப் படைச்சேவை இருந்ததில்லை. 1940-ஆம் ஆண்டின் தேசியச் சேவைச் சட்டம் இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியப் பிரித்தானியக் குடிகளுக்கு மட்டுமே உரியது. இரண்டாம் உலகப்போரில் சேர்ந்த சுமார் 25 இலட்சம் இந்திய வீரரும் தாமாகவே சேர்ந்தவர்கள் என்பதே ஏட்டில் உள்ளது. ஆனால் வறுமையும் ஓர் ஆணைதான். விலைவாசி உயர்ந்த அந்த ஆண்டுகளில், மாதந்தோறும் தவறாமல் வரும் ஊதியம் பலரைச் சீருடைக்குள் கொண்டுவந்தது.

அப்படையில் எழுத்தறிவு என்பது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் எழுதப்பட்ட இந்துஸ்தானியைக் கற்பதாகும். தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து சென்று தமிழ் எழுத்தே அறியாத ஒருவன், அயல்மொழியை அயலெழுத்தில் கற்க வேண்டியிருந்தது. ஊருக்குக் கடிதம் எழுத அப்படிப்பு உதவாது. விந்தை என்னவெனில், அதே ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற இந்திய தேசிய இராணுவமும் அதே எழுத்தில் அதே மொழியைத்தான் பொதுமொழியாக ஏற்றது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அதில் சேர்ந்த தமிழருக்கு நேதாஜியின் உரைகள் தமிழில் பெயர்த்துச் சொல்லப்பட்டன. எங்கே தாய்மொழி நுழைந்ததோ அங்கே கட்டளை உள்ளத்தைத் தொட்டது.

முதல் உலகப்போரில் இதற்கு முன்னோடியான பணி ஒன்றும் நடந்தது. பிரான்சிலும் மெசபொத்தேமியாவிலும் இருந்த இந்திய வீரர்களுக்காக ஒய்.எம்.சி.ஏ. குடில்களை அமைத்தது. எழுதத் தெரியாதவர்க்கு அங்கே கடிதம் எழுதிக்கொடுத்தனர். கற்க விரும்பியோர்க்கு எழுத்தும் கற்பித்தனர். மதம் பரப்பாமல் பணி செய்வதென்பது நிபந்தனை. சேலத்தில் பிறந்த கே. டி. பால் 1916-இல் இந்திய ஒய்.எம்.சி.ஏ.-வின் தேசியப் பொதுச் செயலாளரானார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. பின்னாளில் அவர் கிராமப் புனரமைப்பில் முனைந்து நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

நினைவு உணர்த்துவது

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு யாது? ஆணை ஒருவரை வகுப்பறைக்குள் நிறுத்தலாம். ஆசிரியராக்க அதனால் இயலாது. தவணை முடியும் நாளை மட்டும் நாட்காட்டியில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் முகாமை மறந்துவிட்டனர். எதிரே அமர்ந்திருந்தவனின் வெட்கத்தைக் கண்டவர்களோ அதனை மறக்கவில்லை. அவர்களுக்கு அழைப்பு அஞ்சலில் வந்த தாளில் வரவில்லை. எழுத்துக் கூட்ட முயன்ற ஒரு வீரனின் முகத்திலிருந்து வந்தது.

இது கடந்த காலத்தோடு முடிந்த செய்தியுமன்று. சிங்கப்பூரில் 1967 முதல் கட்டாயச் சேவை நடைமுறையில் உள்ளது. செட்டிநாட்டு வழிவந்த குடிமக்களின் புதல்வரும் அங்கே அச்சேவையை முடிக்கின்றனர். நம் நாட்டிலோ ஆசிரியர் தம் விருப்பம் கேட்கப்படாமலே தேர்தல் பணிக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அனுப்பப்படுகின்றனர். கணக்கெடுப்புத் தாளுடன் வீடுவீடாகச் செல்லும் ஆசிரியருக்கு அது சுமைதான். எனினும், தம் பள்ளிக்கு வராத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்பது அந்த வாசலில்தான் தெரியவரும். அதைக் கண்டு, மறுநாள் அப்பிள்ளையைத் தேடிச் செல்லும் ஆசிரியர், ஆணைக்குக் கீழ்ப்படிந்ததற்கு மேலும் ஒன்றைச் செய்தவராகிறார். அந்த மேலான ஒன்றையே நாம் பணி என்கிறோம்.