1.12 – பாப் கிப்சனின் 1968

பேஸ்பால் ரசிகரிடம் 1.12 என்று மட்டும் சொன்னால் போதும், பாப் கிப்சன் என்று பதில் வந்துவிடும். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக 1968-ல் பந்து எறிந்தவர் அவர்.

கிரிக்கெட்டில் பவுலர் என்றால் பேஸ்பாலில் பிட்சர். ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுக்கிறார் என்பதை 'இ.ஆர்.ஏ.' என்ற கணக்கு சொல்லும். சக வீரர்களின் ஃபீல்டிங் தவறால் போன ரன்கள் இதில் சேராது. அந்த வருடம் நேஷனல் லீக்கின் சராசரி 2.99. கிப்சனுடையது 1.12. அதாவது 304 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, அவர் கணக்கில் விழுந்த ரன்கள் வெறும் 38!

34 ஆட்டங்களைத் தொடங்கி 28-ஐக் கடைசி வரை தானே எறிந்து முடித்தார். 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. 268 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார்.

இப்படி எறிந்தவர் எல்லா ஆட்டத்தையும் ஜெயித்திருப்பார் என்றுதானே தோன்றும்? ஜெயித்தது 22, தோற்றது 9. காரணம், அவருடைய அணியும் பல நாள் ரன் எடுக்கவில்லை. செப்டம்பர் 17 அன்று கிப்சன் கொடுத்தது ஒரே ஒரு ரன். எதிரில் எறிந்த கேலார்ட் பெர்ரி ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. முடிவு 1-0, தோல்வி.

அந்த வருடமே பிட்சர்களின் வருடம்தான். 1963-ல் ஸ்ட்ரைக் எல்லையைப் பெரிதாக்கியிருந்தார்கள். மட்டையாளர்கள் திணறினார்கள். அமெரிக்கன் லீக்கில் பேட்டிங்கில் முதலிடம் பிடித்த கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரியே .301 தான். டெட்ராய்ட் அணியின் டென்னி மெக்லைன் 31 வெற்றி பெற்றார்.

அப்படியானால் பெருமை விதிக்கா, கிப்சனுக்கா? 1969-ல் எறியும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள், ஸ்ட்ரைக் எல்லையையும் சுருக்கினார்கள். கிப்சனோ அந்த வருடமும் 20 ஆட்டங்களை வென்றார். இ.ஆர்.ஏ. 2.18. மேடு உதவியது உண்மை. ஆனால் அதே மேட்டில் நின்ற வேறு யாரும் 1.12-ஐத் தொடவில்லை.

1968 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் 17 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். அந்தச் சாதனை இன்றும் நிற்கிறது. ஆனால் ஏழாவது ஆட்டத்தில் அவரே எறிந்தும் டெட்ராய்ட் வென்று கோப்பையைக் கொண்டுபோனது.

கருப்பின வீரர்களை 1947 வரை மேஜர் லீக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் தனியே ஆடிய நீக்ரோ லீக் கணக்குகள் 2024-ல்தான் அதிகாரப்பூர்வப் பட்டியலில் சேர்ந்தன. அப்போது சாட்செல் பெய்ஜ் 1944-ல் எடுத்த 1.01, கிப்சனின் 1.12-க்கு மேலே போய் அமர்ந்தது. கருப்பினத்தவரான கிப்சன் 2020-ல் காலமாகிவிட்டார். தன்னை முந்திய அந்த எண்ணைப் பட்டியலில் பார்க்க அவர் இல்லை.