காதுநலப் பணியாளர் பயிற்சி, வட ஆட்புலம்

ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தில், தொலைதூரக் குடியிருப்புகளில் வாழும் பழங்குடிக் குழந்தைகளின் நடுக்காது நோயைக் கவனிக்க, அந்தந்த ஊர்க்காரர்களையே பயிற்றுவித்துச் சம்பளத்துக்கு அமர்த்தும் ஏற்பாடு. டார்வினில் உள்ள மென்சீஸ் சுகாதார ஆய்வு நிறுவனம் 2019இல் இதை ஐந்தாண்டுத் திட்டமாகத் தொடங்கியது. பேராசிரியர் அமாண்டா லீச்சும், வொரிமி இனத்தைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர் கெல்வின் காங்கும் இதை வழிநடத்தினர்.

நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் குழந்தைக்குப் பெரும்பாலும் வலி இருக்காது, தாய்க்கும் தெரியாது. பேச்சு பழகும் வயதில் கேள்திறன் குறைவதே உண்மையான இழப்பு. குழந்தைகளில் 4 விழுக்காட்டினருக்கு மேல் காதில் நாட்பட்ட சீழ்வடிதல் இருந்தால் அது உடனடியாகக் கவனிக்க வேண்டிய பொதுச் சுகாதாரச் சிக்கல் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இக்குடியிருப்புகள் பலவற்றில் அந்த வரம்பு எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது.

பயிற்சி பெறுவோர் ஒளிப்படக் காதுநோக்கியைக் கையாளவும், செவிப்பறை அசைவை அளக்கவும் கற்றனர். காதுத்துளையை ரப்பர் முனையால் அடைத்துக் காற்றழுத்தத்தை மாற்றும்போது வரைகோடு மேடாக எழாமல் தட்டையாகவே கிடந்தால், உள்ளே நீர் இருக்கலாம், அல்லது பறையில் ஓட்டை இருக்கலாம். அழுது திமிரும் குழந்தையிடம் இந்தச் சோதனை பலிக்காது. தெரிந்த முகமும் தாய்மொழியும் இங்கே கருவிக்குச் சமம். சீழ் வடியும் காதை மெல்லிழைத்தாள் திரியால் துடைத்து உலர்த்திய பிறகே சொட்டு மருந்து விடுவதையும் இவர்களே வீட்டாருக்குக் காட்டித் தந்தனர்.

வந்து போகும் மருத்துவர்களும் அடிக்கடி மாறும் செவிலியர்களும் விட்டுச்செல்லும் இடைவெளியை இப்பணியாளர்கள் நிரப்பினர். நோய்க்கு வித்திடும் வீட்டு நெரிசல் இவர்கள் கைக்கு எட்டாதது.