கைத்துப்பாக்கியின் அளவும் ஆற்றலும்

தில்லியின் வரலாறு படைக்கலங்களின் வரலாற்றோடு பிணைந்தது. வாளும் பீரங்கியும் அந்நகரில் செய்த மாற்றங்களைப் பலரும் எழுதியுள்ளனர். உருவில் சிறிய கைத்துப்பாக்கியைப் பற்றி இங்கே சிறிது ஆராய்வோம். எந்தத் துப்பாக்கி வலியது என்று வினவினால், அதன் குழலின் துளை அளவைக் கூறி விடையளிப்பது பெருவழக்கு. அவ்விடை எவ்வளவு தூரம் பொருந்தும்?

1857-ஆம் ஆண்டு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆங்கிலப் படை தில்லியை முற்றுகையிட்டது. அக்காலத்து ஆங்கில அதிகாரிகள் கைத்துப்பாக்கியைத் தம் சொந்தச் செலவில் வாங்கினர். சிலர் 9 மில்லிமீட்டர் அளவுள்ள அமெரிக்கக் கோல்ட் ரிவால்வரையும், சிலர் 11 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட ஆங்கில ஆடம்ஸ் ரிவால்வரையும் விரும்பினர். கோல்ட்டின் சிறு குண்டுகள் பல பாய்ந்த பின்னரும், வாளேந்திய சிப்பாய் ஒருவர் தளராது நெருங்கி அதிகாரியை வெட்டி வீழ்த்தினார் என்று கர்னல் பாஸ்பெரி பிற்காலத்தில் கூறினார். இத்தகைய செய்திகளால் பெரிய குண்டே சிறந்தது என்னும் கருத்து ஆங்கிலப் படையில் வேரூன்றிற்று. 1887-இல் ஏற்கப்பட்ட வெப்ளி ரிவால்வரின் குண்டு ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது.

இனி, இதன் உண்மையை அறிவியல் வாயிலாக நோக்குவோம். குண்டின் ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தின் வர்க்கத்தோடும் பெருகும். வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும். வெப்ளியின் கனத்த குண்டு வினாடிக்குச் சுமார் 190 மீட்டர் வேகத்தில் செல்லும். அதன் ஆற்றல் ஏறத்தாழ 300 ஜூல். 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் குண்டு அதன் எடையில் பாதிக்கும் குறைவானதாயினும், வேகம் மிகுதியாதலால், 450 ஜூலுக்கு மேற்பட்ட ஆற்றல் உடையது. ஆகவே துளை பெரிதெனின் ஆற்றலும் பெரிது என்பது பொருந்தாது.

ஒரே எண் பெற்றவையும் ஒன்றல்ல. இத்தாலியரின் ‘9 மில்லிமீட்டர் கோர்ட்டோ’ என்னும் தோட்டாவும் ஒன்பது மில்லிமீட்டரே. ‘கோர்ட்டோ’ என்றால் குட்டை என்பது பொருள். அதன் உறை 17 மில்லிமீட்டர் நீளமும், பாரபெல்லத்தின் உறை 19 மில்லிமீட்டர் நீளமும் கொண்டவை. கோர்ட்டோவில் வெடிமருந்து குறைவு. குண்டின் எடை ஏறத்தாழ 6 கிராம். ஆற்றல் பாரபெல்லத்தில் ஏறக்குறையப் பாதியளவே. ஆதலின் போர்க்களத்துக்கு அது போதாது என்று படைவல்லுநர் பலர் கருதினர்.

அந்தத் தோட்டாவைச் சுடும் பெரெட்டா துப்பாக்கி ஒன்றே 1948 ஜனவரி 30 மாலை தில்லி பிர்லா மாளிகையில் மூன்று முறை வெடித்தது. நாதுராம் கோட்சே மிக அருகில் நின்று சுட்டான், காந்தியடிகள் உயிர்நீத்தார். பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதனையிட வேண்டும் என்ற யோசனையை அவர் முன்னரே மறுத்திருந்தார். வழக்கு செங்கோட்டையில் நடைபெற்றது. பகதூர் ஷா ஜபரை ஆங்கிலேயர் 1858-இல் விசாரித்ததும் அக்கோட்டையிலேயே.

வல்லுநர் வகுத்த அட்டவணைகள் பொய்யல்ல. வாளோடு பாய்ந்து வருபவனைத் தடுத்து நிறுத்தும் வலிமை எத்துப்பாக்கிக்கு உண்டு என்பதே அவை எழுப்பிய வினா. கைகூப்பி நிற்கும் முதியவரின் முன் அவ்வினாவுக்கு இடமேயில்லை. அங்கே மிக எளிய தோட்டாவும் போதுமானதாயிற்று. குழலின் துளையை அளக்கக் கருவிகள் உள. அதனை ஏந்தும் கையின் நோக்கத்தை அளக்கும் பொறுப்பு சமுதாயத்தினுடையது. தில்லியின் இரு நிகழ்ச்சிகளிலிருந்து நாம் பெறும் பாடம் இதுவேயாகும்.