குன்னூர் எலிகளும் சத்துணவு முட்டையும்

சத்துணவு என்றதும் நம் எல்லோருக்கும் நினைவுக்கு வருபவர் எம்.ஜி.ஆர். கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் காமராஜர் என்பார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்தச் சொல்லில் இருக்கிற "சத்து" எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனால், வழி நேராக நீலகிரி மலை ஏறி, குன்னூரில் சிம்ஸ் பூங்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் பாஸ்டர் ஆய்வகத்தில் போய் நிற்கிறது. அந்தக் கட்டடத்தை நாய்க்கடி ஊசி மருந்துக்காகத் தெரிந்து வைத்திருக்கிறோம். சோற்றுக்கும் அதற்கும் உள்ள தொடர்பை எங்கள் ஊர்ப்பக்கமே அதிகம் பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கொஞ்சம் பின்னால் போவோம். 1876-78ல் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சத்தின்போது, நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு தானியம் கொடுப்பது என்று ஒரு சண்டை நடந்தது. ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்றார் சர் ரிச்சர்ட் டெம்பிள். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். அதைத் தின்றுவிட்டு நாள் முழுக்க மண் வெட்ட வேண்டும்! மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதைக் கடுமையாக எதிர்த்தார். அளவு பின்பு சற்று உயர்த்தப்பட்டது. கார்னிஷ் ஒருவரைத் தவிர்த்துப் பார்த்தால், அரசாங்கத்தின் கேள்வி "எவ்வளவு குறைவாகக் கொடுத்தால் ஆள் சாகாமல் இருப்பான்?" என்பதாகத்தான் இருந்திருக்கிறது.

நாற்பது வருடம் கழித்துக் கேள்வி மாறியது. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் குன்னூர் பாஸ்டர் ஆய்வகத்தில் ஒரே ஒரு அறையை வாங்கிக்கொண்டு பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். கால் மரத்துப்போய், வீங்கி, கடைசியில் இதயம் நின்றுபோகும் நோய் அது. வயிறு நிறையச் சோறு சாப்பிடுகிறவர்களுக்கே வந்தது என்பதுதான் விசித்திரம். பட்டினிக்கும் சத்துக் குறைவுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிச்சத்துக்கு வருகிறது. 1923-ல் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி ஆராய்ச்சியை நிறுத்தினார்கள். 1925-ல் மறுபடியும் ஆரம்பித்தார்கள். (ஆராய்ச்சிக்குப் பணம் வெட்டுவது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை போலிருக்கிறது.) 1928-ல் அது ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. மெக்காரிசனே முதல் இயக்குநர்.

அவர் செய்த சோதனைகளில் மிகவும் பேசப்பட்டது எலிச் சோதனை. ஒரே வகை எலிகளைக் குழுக்களாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடுவதை அப்படியே கொடுத்து வளர்த்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு: முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், முளைகட்டிய கொண்டைக்கடலை, பச்சைக் காய்கறி, வாரத்துக்கு ஒருமுறை இறைச்சி. இன்னொன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, அடுத்ததற்கு மராட்டியர் சாப்பாடு, அப்புறம் கூர்க்கா, கன்னடம், வங்காளம் என்று போய்க் கடைசியில் நம் மதராஸி சாப்பாடு. எடை போட்டுப் பார்த்தால் சீக்கிய எலி முதலிடம், மதராஸி எலி கடைசி! நம்மவர் தட்டில் குறையாக இருந்தது சோறு இல்லை. சோற்றைத் தவிர மற்ற எல்லாமும்தான். பாலும் பருப்பும் கீரையும் பேருக்குத்தான் இருந்தன.

இதில் இன்னொரு கிளைக்கதை. இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளி சாப்பிடுகிற வெள்ளை ரொட்டி, மார்கரின், டின்னில் அடைத்த இறைச்சி, ஜாம், சர்க்கரை அள்ளிப்போட்ட டீ என்று ஒரு கூட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்த எலிகள் வளர்ச்சி குன்றி, எரிச்சல் பிடித்து, இரண்டு மாதத்தில் ஒன்றையொன்று கடித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டனவாம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆய்வகத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் தேயிலைத் தோட்டம். சர்க்கரை டீயும் பன்னும் இன்றைக்கும் எத்தனை பேருக்குக் காலைச் சாப்பாடு என்று நினைத்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

இதே குன்னூருக்கு 1929-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வந்தார். பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களுக்கு, அதிலும் ஏழைப் பெண்களுக்கு, உயிரைக் குடிக்கிற அளவுக்கு ரத்தசோகை வருவதைப் பார்த்து, அதற்குக் காரணம் சாப்பாட்டில்தான் இருக்க வேண்டும் என்று சந்தேகப்பட்டவர். குன்னூரில் எலிகளிடமும் பிறகு வேறு இடங்களில் குரங்குகளிடமும் நோயாளிகளிடமும் சோதித்து, ஈஸ்ட்டிலிருந்து தயாராகும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்தால் அந்த ரத்தசோகை குணமாகிறது என்று 1931-ல் வெளியிட்டார். மார்மைட்டில் இருந்த அந்தப் பெயர் தெரியாத பொருள்தான் பின்னாளில் போலிக் அமிலம் என்று அறியப்பட்டது. இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையில் அதுவும் சேர்ந்திருக்கிறது. நம் அக்காமார்களும் அண்ணிமார்களும் வாங்கி விழுங்கிய மாத்திரையின் கதையில் இந்த மலைக்கும் ஒரு பக்கம் உண்டு.

1935-ல் மெக்காரிசன் போய் அய்க்ராய்ட் இயக்குநராக வந்தார். என்னைக் கேட்டால் இந்தக் கதையின் நாயகன் இவர்தான். எலியிலிருந்து மனிதனுக்கு வந்தவர். விடுதிகளில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு, வழக்கமான அரிசிச் சாப்பாட்டோடு தினமும் கொழுப்பு நீக்கிய பால் கொடுத்துப் பார்த்தார். பால் குடித்த பிள்ளைகள் சில மாதங்களிலேயே மற்றவர்களைவிட உயரத்திலும் எடையிலும் முந்தினார்கள். கிருஷ்ணன் என்ற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 1937-ல் இதை வெளியிட்டார். அதே ஆண்டில் இந்திய உணவுப் பொருட்களில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்ற பட்டியலும் குன்னூரிலிருந்து புத்தகமாக வந்தது. அந்தப் பட்டியலின் வழியில் வந்ததுதான் 1971-ல் சி. கோபாலனும் மற்றவர்களும் வெளியிட்ட நூல். மனையியல் படித்த யாரும் அதைத் தொடாமல் பட்டம் வாங்கியிருக்க முடியாது. சேலத்தில் 1918-ல் பிறந்த கோபாலனும் குன்னூர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவரே.

அரிசியைப் பற்றி அய்க்ராய்ட் குழு சொன்னதையும் சொல்லியாக வேண்டும். ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கலரிசி சாப்பிடும் தமிழ்நாட்டுப் பகுதிகளில் அது அரிது. காரணம், நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. பச்சரிசியைத் தீட்டி, நாலு தண்ணீர் கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் மிஞ்சுவது வெறும் மாவுதான். வடித்த கஞ்சியைக் கொட்டாமல் உப்புப் போட்டுக் குடித்த பாட்டிகளுக்கு பி1 என்றால் தெரியாது. ஆனாலும் சத்து வீணாகவில்லை.

இவ்வளவும் தெரிந்த பிறகு என்ன நடந்தது? இங்கேதான் எனக்கு வருத்தம். பிள்ளைக்கு ஒரு டம்ளர் பால் கொடுத்தால் வளர்வான் என்று 1937-ல் நிரூபித்தாயிற்று. யார் வாங்கிக் கொடுப்பது? 1943-ல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பசியால் செத்தார்கள். அதை விசாரித்த குழுவில் அய்க்ராய்டும் ஓர் உறுப்பினர். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வந்தது. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்கிற எஸ்டேட்டில் குழந்தைகள் காப்பகம், 150 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் வேண்டும் என்றது. நல்ல சட்டம்தான். ஆனால் லைன் வீட்டுப் பிள்ளையின் தட்டில் என்ன விழும் என்பது ஒவ்வொரு எஸ்டேட்டின் கையில் இருந்தது. 1958-ல் ஆராய்ச்சிக் கூடமே ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. 1969-ல் அது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயர் பெற்றது.

சோறு போடுகிற வேலை இன்னொரு பாதையில் வந்துகொண்டிருந்தது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்று கணக்கு. 1956-ல் காமராஜர், கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு அதை மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார். அதில் ஒரு பங்கை ஊர் மக்கள் போட வேண்டும். நெல் விளைகிற ஊரில் மிராசுதார் நாலு மூட்டை கொடுப்பார். கூலி வாங்கி ரேஷன் அரிசி வாங்குகிற லைன் வீடுகளில் யார் கொடுப்பது? யோசித்துப் பாருங்கள். 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு பால் பவுடரும் எண்ணெயும் மாவும் அனுப்பியது. அப்போது பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால் அந்தப் பால் பவுடரின் வாசனையை இன்னும் சொல்வார்கள்.

1982 ஜூலை 1-ல் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர் தொடங்கிய திட்டத்தில் இரண்டு விஷயம் மாறியது. ஒன்று, ஊர் கொடுத்தால்தான் என்ற நிபந்தனை போய், செலவை அரசே ஏற்றது. இரண்டாவது பெயர். அதுவரை "மதிய உணவு", இப்போது "சத்துணவு". பள்ளிக்குப் போகாத 2 வயதுக் குழந்தையும் இதில் சேர்ந்தது. எஸ்டேட்டோ கிராமமோ, பள்ளியோ குழந்தைகள் மையமோ இருந்தால் சோறு உண்டு என்ற நிலை வந்தது. பொருளாதார அறிஞர்கள் பலர் அன்று இதைக் கேலி செய்தார்கள். தேர்தல் கணக்கு இருந்திருக்கலாம், மறுக்கவில்லை. கும்பகோணத்தில் சின்ன வயதில் பட்டினி கிடந்த மனிதர் என்பதும் உண்மை.

ஆனால் பெயரில் வந்த சத்து தட்டுக்கு வர இன்னும் ஏழு வருடம் ஆனது. 1989-ல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-ல் வாரம் ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை. முட்டை சாப்பிடாதவர்களுக்கு வாழைப்பழம். மதராஸி எலியின் தட்டில் இல்லாததைத்தான் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு வந்திருக்கிறோம். 1937-லிருந்து 2010 வரை எண்ணிப் பார்த்தால் 73 வருடம்!

மலைக்கு வருவோம். நீலகிரியின் பழைய சாப்பாடு ராகியும் சாமையும் கீரையும். படுகர், இருளர், குறும்பர் எல்லோர் வீட்டிலும் ராகிக்களி உண்டு. கோபாலன் பட்டியலின்படி 100 கிராம் ராகியில் 344 மில்லிகிராம் கால்சியம்; தீட்டிய அரிசியில் 10. காட்டையும் நிலத்தையும் விட்டு வந்து, ரேஷன் அரிசி வந்த பின் ராகி குறைந்துபோனது. பசியைப் போக்கிய அதே அரிசி சத்தைக் குறைத்தது என்பதைச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும். 2023 மே மாதம் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் முன்னோட்டமாக, 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2022 மே 21-ல், ஊட்டியை அடுத்த முத்தொரையில் "ஊட்டச்சத்தை உறுதி செய்" என்ற திட்டம் தொடங்கப்பட்டது. எடை குறைந்த குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிச் சத்துணவு கொடுப்பதும், கைக்குழந்தை என்றால் தாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் கொடுப்பதும் அதன் வேலை. மாநிலம் முழுவதற்குமான திட்டத்தை இந்த மலையில் தொடங்கினார்கள்.

இன்று நம் எஸ்டேட்டுகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், பீகாரிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. இலை பறிக்கிற பல கை அவர்களுடையது. மொழி தெரியாததால் எங்கே என்ன கிடைக்கும் என்பது அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. அதனால் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைக்கும், கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும் அங்கன்வாடியில் சத்துமாவோ சமைத்த உணவோ கிடைக்கும். தமிழ்நாட்டுக் குடும்ப அட்டை வேண்டும் என்பதில்லை. 2013-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதைக் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. அரசுப் பள்ளியில் 1 முதல் 5 வரை படித்தால் காலை உணவும், 10-ம் வகுப்பு வரை மதியச் சத்துணவும் உண்டு. சொந்த மாநிலத்து ரேஷன் அட்டை அந்தச் சட்டத்தின் கீழ் வந்ததாக இருந்தால், 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த "ஒரே நாடு ஒரே ரேஷன்" ஏற்பாட்டில் இங்கேயே விரல் ரேகை வைத்து அரிசி வாங்கலாம். கடையில் முடியாது என்றால் தாலுகா அலுவலகத்தில் வட்ட வழங்கல் அலுவலரைப் பார்க்கலாம், அல்லது 1967 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். அவர்களுக்குத் தமிழ் வராவிட்டால் கூடப் போய்ப் பேச நம்மில் ஒருவர் போதும்.