பொது ஆவணமும் அந்தரங்கமும்: ராஜகோபால் தீர்ப்பு தேடுபொறிக் காலத்தில்

பத்திரிகைச் சுதந்திரமும் தனிமனிதரின் அந்தரங்க உரிமையும் நேருக்குநேர் மோதிய வேளையில் இந்தியாவில் இரண்டுக்கும் எல்லை வகுத்த முதன்மையான தீர்ப்பு, ‘ஆர். ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு’ வழக்கில் 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அளித்ததாகும். கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை, ராஜகோபாலை ஆசிரியராகக் கொண்ட நக்கீரன் இதழ் வெளியிடப்போவதாக அறிவித்ததும், அதிகாரிகள் சிலரோடு அவருக்கிருந்த தொடர்புகள் அதில் அம்பலமாகும் என்ற நிலையில், வெளியிட்டால் சட்ட நடவடிக்கை பாயும் என்று சிறைத்துறைத் தலைவர் எச்சரித்துக் கடிதம் அனுப்பினார். வழக்கு அதிலிருந்து பிறந்தது.

நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி எழுதிய அத்தீர்ப்பு, குடும்பம், மணவாழ்வு, மகப்பேறு, கல்வி போன்றவற்றில் பிறர் தலையீடின்றி இருக்கும் உரிமை அரசியலமைப்பின் 21ஆவது பிரிவிலேயே அடங்கியிருப்பதாகக் கூறி, ஒருவரின் இசைவின்றி அவற்றை எழுதுவது அந்த உரிமையை மீறுவதாகும் என்றது. கூடவே இரண்டு விலக்குகளையும் வைத்தது. நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் ஏற்கெனவே பதிவான செய்தியை எழுத இசைவு தேவையில்லை. பாலியல் வன்முறை, கடத்தல் போன்றவற்றுக்கு உள்ளான பெண்ணின் பெயருக்கு மட்டும் இந்த விலக்கு பொருந்தாது. அடுத்து, அரசு அலுவலர் தம் பணி சார்ந்த செயல்களை மறைக்க அந்தரங்கத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது. உண்மையைச் சற்றும் பொருட்படுத்தாமல் பொய் எழுதப்பட்டது என்று நிறுவினாலன்றி அவர் இழப்பீடும் கோர முடியாது. எழுத்தை வெளியாகும் முன்பே தடுக்கும் ‘முன்தடை’ விதிக்க அரசுக்கோ அதன் அலுவலர்களுக்கோ அதிகாரமில்லை என்பதும் அங்கே உறுதியாயிற்று. அந்தரங்கம் எல்லோருக்கும் ஒரே அளவில் உரியதன்று, கையிலுள்ள அதிகாரம் கூடக்கூட அது சுருங்கும் என்பதே இத்தீர்ப்பின் உயிர்நாடி. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென ஒருமனதாக அறிவித்த பின்னரும் அது மாறவில்லை. மாறியது பொது ஆவணம் இருக்கும் இடம்.

1994இல் நீதிமன்றப் பதிவறையில் கட்டுகளாகக் கிடந்த ஆவணத்தை எடுத்துப் பார்க்க வழக்கு எண்ணும் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும், நகல் மனு போட வேண்டும், காத்திருக்க வேண்டும். சட்டம் தராத ஒரு பாதுகாப்பை அந்தச் சிரமமே சாதாரண மனிதருக்குத் தந்துவந்தது. இன்று வரன் பார்க்கும் குடும்பமும் வேலை கொடுக்கும் நிறுவனமும் தேடுபொறியில் பெயரைத் தட்டியதும், கைதான நாளில் படத்தோடு வந்த செய்தி முதல் வரிசையில் நிற்கிறது. பல ஆண்டுகள் கழித்து அதே மனிதர் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டதோ பெரும்பாலும் செய்தியாவதே இல்லை. தண்டனை எதையும் நீதிமன்றம் விதிக்காத நிலையிலும் ஆயுள் முழுவதும் தொடரும் இத்தண்டனை கொடுமையானது; அதற்குப் பரிகாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை.

எந்தப் பரிகாரம் என்பதில்தான் நீதிமன்றங்கள் தடுமாறுகின்றன. ஸ்பெயின் நாளிதழொன்று 1998இல் வெளியிட்ட ஏல அறிவிப்பு தொடர்பான வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014இல், நாளிதழின் பக்கத்தைத் தொடாமல், பெயரைத் தேடும்போது அந்த இணைப்பைக் காட்டக்கூடாது என்று தேடுபொறிக்கு மட்டும் கட்டளையிட வழி கண்டது. ‘மறக்கப்படும் உரிமை’ என்று பரவலாகப் பேசப்படுவது இதுவே. இந்தியாவில், குற்ற வழக்கில் மேல்முறையீட்டில் விடுதலையான ஒருவர் தீர்ப்பில் உள்ள தம் பெயரை மறைக்கக் கோரிய மனுவைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021இல் தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, அவருடைய அடையாளத்தை மறைக்கவும் தீர்ப்புகளை வெளியிடும் இந்தியன் கானூன் இணையத்தளத்திலிருந்து அத்தீர்ப்பை நீக்கவும் ஆணையிட்டது. அவ்வாணையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. பெயரை மறைப்பதை ஏற்கலாம். தீர்ப்பையே நீக்குவதை ஏற்பது கடினம். விடுதலைத் தீர்ப்பு குற்றம் சாட்டப்பட்டவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. காவல்துறை சாட்சியை எப்படித் திரட்டியது, கீழமை நீதிமன்றம் எங்கே பிழை செய்தது என்பதையும் அது பதிவு செய்கிறது. அதை அகற்றினால் காக்கப்படுவோரில் அந்த அதிகாரிகளும் அடங்குவர்.

பத்திரிகைகளின் பொறுப்பு இங்கேதான் தொடங்குகிறது. அச்சிட்ட தாளைத் திரும்பப் பெற முடியாது என்ற பழைய சமாதானம் இணையப் பக்கத்துக்குப் பொருந்தாது. கைதுச் செய்தியின் தலைப்புக்குக் கீழேயே விடுதலைத் தகவலைச் சேர்ப்பது ஓர் உதவி ஆசிரியருக்குச் சில நிமிட வேலை; அதைச் செய்ய மறுக்கும் நிறுவனம் கருத்துச் சுதந்திரத்தின் பெயரால் பேசும் தகுதியை இழக்கிறது. அழிக்கச் சொல்லும் நீதிமன்ற ஆணைகளைத் தடுக்க இதைவிட வலுவான அரண் பத்திரிகைகளுக்கு இல்லை.

அழிப்பைவிடப் பெரிய ஆபத்து சட்டத்தின் வழியாக வந்துள்ளது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தியது. 2025 நவம்பரில் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பொதுச் செயல்பாட்டோடு தொடர்பில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலையே முன்பு மறுக்க முடிந்தது. இப்போது தனிநபர் தகவல் என்றாலே மறுக்கலாம்; பெயரும் அதில் அடங்கும். ராஜகோபால் தீர்ப்பு வந்த அதே 1994இன் இறுதியில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு நடத்தத் தொடங்கிய மக்கள் விசாரணைகளில், அரசுப் பணிகளின் மஸ்டர் ரோல் எனப்படும் தொழிலாளர் வருகைப் பதிவேடு பெயர் பெயராக வாசிக்கப்பட்டபோதுதான் வேலையே செய்யாதவர் கணக்கில் கூலி எழுதப்பட்டது வெளிப்பட்டது. அங்கே பெயரே சான்று. பொதுநலன் மேலோங்கினால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்று அரசு பதிலளிக்கிறது. ஆயினும் மறுப்பது விதியாகவும் கொடுப்பது சலுகையாகவும் ஆன பிறகு, அந்தப் பொதுநலனை முதலில் எடைபோடுபவர் மறைக்கப்படும் கோப்பு இருக்கும் அதே அலுவலகத்தின் அதிகாரி. 2018இல் ஸ்ரீகிருஷ்ணா குழுவின் தரவுப் பாதுகாப்பு வரைவுச் சட்டம் இதழியலுக்கு அளித்திருந்த விலக்கும் 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் விடுபட்டுவிட்டது. அவ்விலக்கைச் சேர்த்து, 8(1)(ஒ) பிரிவைப் பழைய வடிவில் மீட்டால், 1994இன் எல்லைக்கோடு மீண்டும் சட்டத்தில் இடம்பெறும். அதற்கு நாடாளுமன்றத்தில் ஒரு சிறு திருத்தமே போதும்.