ரோலினும் ரோலிங்கும்

தொலைபேசியில் அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: குழுவின் பெயர் என்ன? இந்தப் பக்கம் பிரையன் ஜோன்ஸ். லண்டன், 1962 கோடை. ‘ஜாஸ் நியூஸ்’ பத்திரிகையில் கச்சேரி விளம்பரம் கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார். குழுவுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை. பேசப் பேசக் காசு கரைகிறது. தரையில் ஓர் இசைத்தட்டு கிடக்கிறது. செஸ் கம்பெனி 1958-இல் வெளியிட்ட ‘தி பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்’. அதிலுள்ள ஒரு பாட்டின் பெயர் கண்ணில் படுகிறது. அதையே சொல்லிவிடுகிறார். இது அதே குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் பல முறை சொன்ன கதை. சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மெருகேறியிருக்கலாம். பெயர் அந்தப் பாட்டிலிருந்து வந்தது என்பதில் மட்டும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

பாட்டின் பெயர் ‘ரோலின் ஸ்டோன்’. ஜூலை 12-ஆம் தேதி ஆக்ஸ்போர்ட் தெரு மார்க்கீ கிளப்பில் முதல் கச்சேரி நடந்தபோது குழுவின் பெயரும் ‘ரோலின் ஸ்டோன்ஸ்’தான், ‘ரோலிங்’ இல்லை. ஆங்கிலத்தில் கடைசி ஜி-யை உதிர்த்துவிட்டு, அது இருந்த இடத்துக்கு அடையாளமாக மேலே ஒரு கொக்கியைத் தொங்கவிடுவார்கள். தமிழில் எழுதினால் ‘ங்’ போய் ‘ன்’ வந்துவிடுகிறது. அந்த ‘ங்’ எங்கே போயிற்று, எப்படித் திரும்பி வந்தது என்று தேடப் போய்த்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஸ்டோன்ஸ்மீது எனக்கு முப்பது வருடப் பைத்தியம் உண்டு. ஆனால் அவர்களுக்கு மடி வாட்டர்ஸ்மீது இருந்த பைத்தியத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

மூலம் ஒரு பழமொழி. உருளும் கல்லில் பாசி படியாது. எராஸ்மஸ் தொகுத்த லத்தீன் பழமொழிகளில் இருக்கிறது. 1546-இல் அச்சான ஜான் ஹேவுட்டின் ஆங்கிலப் பழமொழி நூலிலும் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு இது பாராட்டுப் போலவே விழும். நமக்குப் பாசி என்றால் குளத்துப் படியில் வழுக்கிவிடுவது, தண்ணீர்த் தொட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்க வைப்பது. பாசி படியாவிட்டால் நல்லதுதானே? ஆனால் பழமொழியைச் சொன்னவர்கள் திட்டித்தான் சொன்னார்கள். அங்கே பாசி என்பது சேர்மானம்: வீடு, காசு, நாலு பேர் உறவு. ஓரிடத்தில் தரிக்காதவனுக்கு இவை எதுவும் ஒட்டாது என்று எச்சரிக்கை. நம்மிடம் இதற்குக் கிட்டத்தில் வரும் வழக்கு ‘காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறான்’ என்பது. அதிலும் பாதி ஏச்சு, பாதி வியப்பு.

இந்தக் கல் மிசிசிப்பிப் பருத்திக் காட்டுக்கு உருண்டு வந்தபோது அதன் பொருள் புரண்டது. அங்கே கறுப்பினக் கூலிக் குடும்பங்களுக்கு ஓரிடத்தில் தரித்திருப்பது என்றால் பண்ணை முதலாளியின் நிலத்தில், அவர் கணக்குப் புத்தகத்தில் கடனாளியாகத் தரித்திருப்பது. அப்படிப்பட்ட மண்ணில் வேர்விடுவதில் என்ன பெருமை? கிளம்பிப் போகிறவன் அந்த ஊரில் பொறுப்பற்றவன் மட்டுமில்லை, தப்பித்தவனும்தான்.

கிளம்பிப் போனவர்களில் ஒருவர் மெக்கின்லி மார்கன்ஃபீல்டு. தவழும் வயதில் ஓடைச் சேற்றிலேயே விளையாடிக்கொண்டிருந்ததால் வளர்த்த பாட்டி ‘மடி’ என்று கூப்பிட்டாராம். தமிழில் மடி என்றால் ஆசாரச் சுத்தம். அங்கே நேர் எதிர், சேறு. ‘வாட்டர்ஸ்’ பிறகு ஒட்டிக்கொண்டது. கிளார்க்ஸ்டேல் அருகே ஸ்டோவால் பண்ணையில் டிராக்டர் ஓட்டினார். 1941-இல் ஆலன் லோமாக்ஸ் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக நாட்டுப்பாடல் சேகரிக்க வந்து அவர் குடிசையிலேயே அவரைப் பதிவு செய்தார். தன் குரலைத் தானே திருப்பிக் கேட்ட பிறகுதான், தானும் ஒரு பாடகன் என்ற நம்பிக்கை அவருக்கு வந்தது. மணிக்கு 22.5 சென்ட் கூலியை 25 ஆக்கித் தரச் சொல்லிக் கேட்டார், கிடைக்கவில்லை. 1943-இல் சிகாகோவுக்கு ரயில் ஏறினார்.

சிகாகோவின் தெற்குப் பகுதி மதுக்கடைகளில் வெறும் மரக் கிட்டார் எடுபடாது. நூறு பேர் ஒரே நேரத்தில் பேசுவார்கள், கண்ணாடிக் குவளை உருளும், யாராவது சண்டைக்கு எழுந்து நிற்பார்கள். அந்த இரைச்சலுக்கு மேலே ஏறவேண்டும் என்பதற்காகத்தான் அவர் மின்சாரக் கிட்டாருக்கு மாறினார். ராக் இசையின் ஓசை என்று இன்று நாம் நினைக்கிற அந்த முறுகிய, சற்றே கிழிந்த சத்தம் அழகுக்காகப் பிறந்ததில்லை. கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்ததால் பிறந்தது.

1950-இல் ‘ரோலின் ஸ்டோன்’ தட்டு வந்தது. ‘கேட்ஃபிஷ் ப்ளூஸ்’ என்று மிசிசிப்பி டெல்டாவில் பலர் வாயில் புழங்கிய பாட்டுதான் அடி. தட்டை வெளியிட்டவர்கள் லெனர்ட், ஃபில் என்று இரு சகோதரர்கள். போலந்திலிருந்து வந்த யூதக் குடும்பம். அவர்கள் குடும்பப் பெயர் ‘சிஷ்’. போலந்து மொழியில் அது ஒரு சிறு பறவை. அமெரிக்காவில் இறங்கியதும் பறவை ‘செஸ்’ ஆகிவிட்டது. கம்பெனிச் சின்னத்தில் சதுரங்கக் காய்கள் வந்து உட்கார்ந்தன. ‘அரிஸ்டோக்ராட்’ என்று இருந்த கம்பெனியைத் தங்கள் பெயருக்கு மாற்றிய பிறகு போட்ட முதல் தட்டுக்கு 1425 என்று எண் கொடுத்தார்கள். அது அவர்கள் வளர்ந்த வீட்டின் கதவிலக்கம். இரண்டாவது தட்டு, 1426, மடி வாட்டர்ஸினுடையது. ஊர் மாறி, பெயர் மாறி வந்த சகோதரர்கள் பழைய வீட்டின் எண்ணை வைத்துக்கொண்டு உருளும் கல்லை விற்றிருக்கிறார்கள்.

இந்தப் பாட்டை ஒரு முறையாவது தனியாக உட்கார்ந்து கேட்கவேண்டும். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை. ஒரு குரல், ஒரு மின்கிட்டார். மூன்று நிமிடம். ஸ்வரக்கூட்டு அநேகமாக மாறுவதே இல்லை. தம்புராவின் சுருதியை விட்டு நகராத ஆலாபனை போல அடி நரம்பிலேயே நிற்கிறது. ஒரு வரி பாடுவார், நிறுத்துவார். கிட்டார் ஒரு முனகல் முனகும். பிறகு வெறும் மௌனம். அடுத்த வரி வருமா என்று நாம் சற்று முன்னால் குனிந்த பிறகே குரல் திரும்பி வரும். மதுக்கடை இரைச்சலுக்காக வாங்கிய கருவியை வைத்துக்கொண்டு இவ்வளவு மௌனத்தைப் பண்ண முடிந்திருக்கிறது. பாட்டின் நடுவே ஒரு தாய் வருகிறாள். பிள்ளை பிறக்கும் முன்பே அவன் அப்பனிடம் சொல்கிறாள்: ஆண் குழந்தைதான், ஆனால் உருளும் கல்லாகத்தான் வரப்போகிறான். சாபமா பெருமையா என்று குரலை வைத்துத் தீர்மானிக்க முடியாது. நான் நூறு தடவைக்கு மேல் கேட்டுவிட்டேன்.

‘ங்’ உதிர்ந்தது இந்த வாயில்தான். நமக்கு இது புதிதில்லை. எழுதும்போது ‘வருகிறான்’, ‘போகிறான்’. வாயில் ‘வர்றான்’, ‘போறான்’. அடிநாக்கில் பிறக்கும் ஒலிதான் நம் பேச்சிலும் விழுகிறது. இதைக் கொச்சை என்பவர்கள் இரண்டு ஊரிலும் உண்டு. செஸ் சகோதரர்கள் அதைத் திருத்தாமல் வாயில் வந்தபடியே தட்டில் அச்சடித்தார்கள். வாங்குகிறவர்களும் அப்படித்தானே பேசினார்கள்.

இனி ரசிகர்கள். 1961 அக்டோபர் 17, லண்டனுக்கு வெளியே டார்ட்ஃபோர்டு ரயில் நிலையம். சின்ன வயதில் ஒரே பள்ளியில் படித்த இரண்டு பையன்கள் எதிர்ப்படுகிறார்கள். மிக் ஜாகர் கக்கத்தில் சில தட்டுகள்: ஒன்று சக் பெரி, இன்னொன்று அந்த ‘பெஸ்ட் ஆஃப் மடி வாட்டர்ஸ்’. இங்கிலாந்துக் கடைகளில் எளிதில் அகப்படாத சரக்கு; சிகாகோவுக்கு நேரடியாகக் கடிதம் எழுதித் தபாலில் வரவழைத்தவை. ரிச்சர்ட்ஸின் கண் ஜாகரை விட்டுத் தட்டுகளுக்குப் போனது. ரயில் பயணம் முடிவதற்குள் சிநேகிதம் ஆகிவிட்டது. ரசிகனை இன்னொரு ரசிகன் அடையாளம் கண்டுகொள்வது எப்போதும் இப்படித்தான், கக்கத்தில் இருப்பதை வைத்து.

மறு வருடம் ஈலிங்கில் ஒரு நிலவறை கிளப். கூரையிலிருந்து சொட்டும் ஈரம் மேடையில் விழாதிருக்க மேலே துணி கட்டியிருப்பார்கள். அங்கே ப்ளூஸ் கலைஞர் எல்மோர் ஜேம்ஸின் பாட்டைச் சறுக்கு கிட்டாரில் வாசித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பையன் தன் பெயரை ‘எல்மோ லூயிஸ்’ என்று சொல்லிக்கொண்டான். அவன்தான் பிரையன் ஜோன்ஸ். குழுவுக்கு மடி வாட்டர்ஸ் பாட்டின் பெயரை வைப்பதற்கு முன்பே தனக்கு எல்மோர் ஜேம்ஸின் பெயரில் பாதியை வைத்துக்கொண்ட ஆள். தட்டைக் குருவாக நிறுத்தி வித்தை பழகிய ஏகலைவர்கள் இவர்கள். மார்க்கீ கச்சேரிக்கு முன்னால் ஜாகரின் கவலையே, தங்களை யாரும் ராக் அண்ட் ரோல் கோஷ்டி என்று நினைத்துவிடக் கூடாது என்பதுதான். உதிர்ந்த ஜி-யை உதிர்ந்தபடியே வைத்துக்கொண்டதும் அந்த விசுவாசத்தில்தான்.

ஒரு வருடம்கூட அது நிலைக்கவில்லை. 1963-இல் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் மேலாளராக வந்தார், பத்தொன்பது வயதுக்காரர். சொந்தப் பெயரையே சரியாக எழுதத் தெரியாத கூட்டத்தை யார் மதிப்பார்கள் என்று ஜி-யைத் திருப்பிச் சேர்த்தார். அதே கையோடு ரிச்சர்ட்ஸ் பெயரின் கடைசி ‘ஸ்’ஸை வெட்டி ‘கீத் ரிச்சர்ட்’ ஆக்கினார். அது பல வருடம் கழித்தே திரும்பியது. ஆறு பேர் கூட்டம் அதிகம் என்று பட்டதால் பியானோ வாசித்த இயான் ஸ்டூவர்ட்டைப் படங்களிலிருந்து நீக்கினார். ஸ்டூவர்ட் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. வேனை ஓட்டிக்கொண்டு, கருவிகளை இறக்கி ஏற்றிக்கொண்டு, வேண்டும்போது பியானோவில் உட்கார்ந்துகொண்டு கூடவே இருந்தார். ஓர் எழுத்தைச் சேர்த்து, ஓர் எழுத்தையும் ஓர் ஆளையும் எடுத்ததில் குழு விற்பனைக்குத் தயாராகிவிட்டது. ஓல்டம் செய்தது வியாபாரமாகச் சரிதான். எனக்குத்தான் அந்தக் கொக்கி போனதில் இன்னும் வருத்தம்.

அதற்குப் பிறகு பெயர் இரண்டு வாய்க்கால்களில் ஓடுகிறது. ‘ங்’ உள்ள வாய்க்காலில் பாப் டிலன்: 1965 ஜூலையில் வந்த ‘லைக் எ ரோலிங் ஸ்டோன்’, ஆறு நிமிடத்துக்கு மேல். வசதியாக வாழ்ந்து வீதிக்கு வந்தவளைப் பார்த்துக் கேட்கும் பாட்டு. ஹேவுட் காலத்து ஏச்சு அப்படியே திரும்பிவிட்டது. 1967 நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ஜான் வென்னரும் ரால்ஃப் கிளீசனும் தொடங்கிய பத்திரிகையும் ‘ரோலிங் ஸ்டோன்’. முதல் இதழிலேயே வென்னர் மடி வாட்டர்ஸ், ஸ்டோன்ஸ், டிலன் என்று வம்சாவளியைச் சொல்லிவிட்டார்.

‘ங்’ இல்லாத வாய்க்கால் கறுப்பினப் பாடகர்களோடே ஓடியது. 1972-இல் டெம்ப்டேஷன்ஸ் குழு பாடிப் பெயர்பெற்ற ‘பாப்பா வாஸ் எ ரோலின் ஸ்டோன்’ அதில் வருவது. செத்துப்போன அப்பனைப் பற்றிப் பிள்ளைகள் தாயிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார்கள். 1950-இல் ஒரு தாய் பிள்ளையைப் பற்றி அப்பனிடம் சொன்னாளே, அவளுக்கே இருபத்திரண்டு வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் கணக்குக் கேட்பதுபோல இருக்கும் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால். ஏறிப் போனவன் ரயிலில் பாடியதும், விட்டுவிட்டுப் போன வீட்டில் பாடியதும் ஒரே சொல்லைத்தான்.

ஸ்டோன்ஸ் 1964 ஜூனில் சிகாகோ போனபோது நேராகச் செஸ் ஸ்டூடியோவில் போய்ப் பதிவு செய்தார்கள். ‘2120 சவுத் மிச்சிகன் அவென்யூ’ என்று அந்த விலாசத்தையே ஒரு வாத்தியப் பாட்டுக்குப் பெயராக வைத்தார்கள். பின்னால் சொந்தக் கம்பெனி தொடங்கியபோது அதை நடத்த அழைத்து வந்தது லெனர்டின் மகன் மார்ஷல் செஸ்ஸை. அந்தக் கம்பெனியோடு வந்ததுதான் நாக்குச் சின்னம். ஜாகர் காட்டிய காளி படத்தைப் பார்த்து ஜான் பாஷே என்ற மாணவர் வரைந்தது. கூலி 50 பவுண்டு. கல்லுக்குக் காளியின் நாக்கு முளைத்துவிட்டது. பாசியும் ஏகமாகப் படிந்துவிட்டது. அறுபது வருடமாகக் கலையாத கூட்டத்தை உருளும் கல் என்று எப்படிச் சொல்வது?

1981 நவம்பர் 22. சிகாகோ தெற்கில் செக்கர்போர்டு லவுஞ்ச், அப்போது ப்ளூஸ் கிட்டார்க் கலைஞர் பட்டி கை நடத்திக்கொண்டிருந்த சின்ன மதுக்கடை. மேடையில் மடி வாட்டர்ஸ். அரங்கங்களை நிரப்பிக்கொண்டிருந்த சுற்றுப்பயணத்தின் நடுவில் ஸ்டோன்ஸ்காரர்கள் வந்து ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பாட்டை நிறுத்தாமலே மடி ஜாகரை மேடைக்கு வரச்சொல்லி அழைக்கிறார். சிவப்பு டிராக்சூட்டில் ஜாகர் போகிறார். அடுத்து ரிச்சர்ட்ஸ், சுற்றிப் போக வழியில்லை, பாட்டில்கள் நிற்கும் மேசைமேலேயே கால் வைத்து ஏறிப் போகிறார். தபாலில் தட்டு வாங்கிய பையனும், அதை ரயிலில் பார்த்து வாயூறிய பையனும் தட்டுக்குள் இருந்தவரின் இரு பக்கமும் நிற்கிறார்கள். ஜாகர் பாடும்போது அவர் முகத்தில் இருப்பது நட்சத்திரக் களையில்லை. தப்பு விட்டுவிடக் கூடாதே என்ற பயம். பதினேழு மாதத்தில் மடி வாட்டர்ஸ் இறந்துவிட்டார்.

அந்த இரவின் பதிவு 2012-இல் வெளியானது. ‘ரோலின் ஸ்டோன்’ அதில் இல்லை. இயான் ஸ்டூவர்ட் இருக்கிறார்.