தமிழ்விக்கி – தூரன் விருது

தமிழில் வரலாறு, தொல்லியல், சுவடியியல், இனவரைவியல் முதலிய பண்பாட்டு ஆய்வுத் துறைகளில் நெடுங்காலம் உழைத்தவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது. கோவையை மையமாகக் கொண்டு இயங்கும் விஷ்ணுபுரம் இலக்கிய வட்டமும் தமிழ்விக்கி கலைக்களஞ்சியமும் இணைந்து 2022இல் இதைத் தொடங்கின. விழா ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டில் நடக்கிறது. இதே வட்டம் 2010 முதல் கோவையில் டிசம்பர்தோறும் வழங்கிவரும் விஷ்ணுபுரம் விருது பெரும்பாலும் புனைவெழுத்தாளர்களுக்கும் கவிஞர்களுக்கும் சென்றது. தலித் வரலாறும் சங்க காலச் சமூக வரலாறும் எழுதிய ராஜ் கௌதமன் 2018இல் அதைப் பெற்றது குறிப்பிடத்தக்க விலக்கு. ஆய்வாளர்களுக்கென்றே தனி மேடை அமைந்தது தூரன் விருதால்தான்.

பெயர்க்காரணம்

பெ. தூரன் என அறியப்படும் ம.ப. பெரியசாமித் தூரன் (1908–1987) ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் பிறந்தவர். கோபிசெட்டிபாளையத்திலும், பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்திலும் ஆசிரியராக இருந்தார். தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் 1946இல் நிறுவிய தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியப் பணியைத் தொடங்கியபோது அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் ஆனார். முதல் தொகுதி 1954இல் வந்தது. பத்தாவது தொகுதி 1968இல். அதை முடித்த கையோடு குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக 1976க்குள் கொண்டுவந்தார். இந்திய மொழிகளில் நவீன முறையில் அமைந்த கலைக்களஞ்சிய முயற்சிகளில் தூரனின் கலைக்களஞ்சியம் முன்னோடிகளுள் ஒன்று. அணுவியலுக்கும் உடலியலுக்கும் சொற்களே நிலைபெறாத காலத்தில், துறைக்கு ஓர் அறிஞரைத் தேடிப்பிடித்து எழுதவைத்து, எல்லாவற்றையும் ஒரே நடைக்குக் கொண்டுவருவது எத்தகைய வேலை என்பதை அந்தத் தொகுதிகளைப் புரட்டினால் உணரலாம். 1968இல் அவருக்குப் பத்மபூஷண் வழங்கப்பட்டது.

அவருடைய இன்னொரு பணி இவ்விருதின் நோக்கத்துக்கு இன்னும் நெருக்கமானது. சுதேசமித்திரன் பழைய இதழ்களில் புதைந்து கிடந்த பாரதியின் எழுத்துகளைத் தேடி எடுத்துப் 'பாரதி தமிழ்' என்ற நூலாகத் தந்தார். நாட்டுப்பாடல்களைத் திரட்டிக் 'காற்றில் வந்த கவிதை'யாக வெளியிட்டார். கவிஞர், சிறுகதையாசிரியர், கீர்த்தனை இயற்றியவர் எனப் பல முகங்கள் அவருக்கு உண்டு. ஆயினும் காகிதக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து மூலத்தைத் தேடும் பொறுமைதான் அவரை ஆய்வாளர் விருதுக்குப் பொருத்தமான பெயராக்குகிறது.

வரலாற்று நூலும் விருதும்

ஆங்கில உலகில் வரலாற்று நூல்களுக்கென்றே புகழ்பெற்ற பரிசுகள் உண்டு. அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகம் 1948 முதல் வழங்கும் பான்கிராஃப்ட் பரிசு, பிரிட்டனில் 1972இல் தொடங்கிய வுல்ஃப்சன் பரிசு, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகம் 2008இல் நிறுவிய கண்டில் பரிசு ஆகியவை அவற்றுள் சில. இந்தியாவில் 2018 முதல் வழங்கப்படும் கமலாதேவி சட்டோபாத்யாய் நூல் பரிசு, நவீன இந்தியா பற்றிய அபுனைவு நூல்களுக்கானது.

தமிழில் நிலைமை வேறு. இங்கே வரலாறு வாசகரிடம் போய்ச் சேர்ந்ததும் பரிசு பெற்றதும் பெரும்பாலும் நாவல் வழியாகத்தான். அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' 1963இலும் சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2011இலும் சாகித்திய அகாதமி விருது பெற்றன. ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட வரலாற்று நூலொன்று அந்த இடத்துக்கு வர 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' தேர்வு பெற்றது. அந்நூலின் நாயகரான வ.உ.சி. தண்டனைக் காலத்தின் முதற்பகுதியைக் கழித்ததும் செக்கிழுத்ததும் கோவை மத்திய சிறையில்தான் என்பதால் கொங்கு வாசகருக்கு அது அயலூர்க் கதை அல்ல.

தூரன் விருது ஒரு தனி நூலுக்கு வழங்கப்படுவதில்லை. வாழ்நாள் பணிக்கு வழங்கப்படுகிறது. இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. கல்வெட்டாய்வாளரின் பங்களிப்பு ஒரே புத்தகத்துக்குள் அடங்குவதில்லை. கட்டுரைகள், படியெடுப்புகள், கள அறிக்கைகள் எனச் சிதறிக் கிடக்கும் உழைப்பைச் சேர்த்துப் பார்க்க வாழ்நாள் விருதே வழி. ஆனால் 'இந்த ஆண்டு இந்த நூலைப் படியுங்கள்' என்று ஒரு புத்தகத்தை வாசகர் கையில் வைக்கும் வேலையை அது செய்வதில்லை. தமிழில் எழுதப்படும் வரலாற்று நூலுக்கென ஆண்டுப் பரிசு ஒன்றும் வேண்டும் என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

விருது பெற்றோர்

2022இல் முதல் விருது கரசூர் பத்மபாரதிக்குச் சென்றது. 'நரிக்குறவர் இனவரைவியல்', 'திருநங்கையர் சமூக வரைவியல்' ஆகிய அவரது நூல்கள், எழுதப்பட்ட வரலாறு ஏறெடுத்தும் பாராத மக்களைக் களத்தில் சந்தித்துப் பதிவு செய்தவை. அரச மரபுகளிலிருந்து தொடங்காமல் இவரிலிருந்து தொடங்கியது, விருதின் பார்வையை முதல் ஆண்டிலேயே தெளிவாகக் காட்டியது.

2023இல் விருது பெற்ற புதுச்சேரிப் பேராசிரியர் மு. இளங்கோவன், பண்ணாராய்ச்சியாளர் குடந்தை ப. சுந்தரேசனார், யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் ஆகியோரைப் பற்றி ஆவணப்படங்கள் எடுத்தவர். 2024இல் விருது பெற்ற மோ.கோ. கோவைமணி, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஓலைச்சுவடித் துறையில் பணியாற்றிய சுவடியியல் அறிஞர்.

2025இல் விருது பெற்ற தொல்லியல் அறிஞர் வெ. வேதாசலத்தின் பணி முழுப் பொருளில் வரலாற்றெழுத்து. தமிழகத் தொல்லியல் துறையில் பணியாற்றிய இவர், மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளையும் கோயில்களையும் நடந்தே அறிந்தவர். 'எண்பெருங்குன்றம்' மதுரையைச் சூழ்ந்த சமண மலைகளை விரிவாகச் சொல்கிறது. 'இயக்கி வழிபாடு' சமணப் பெண்தெய்வங்களின் தடத்தைப் பின்தொடர்கிறது. பாண்டிய நாட்டு ஊர்களும் நாட்டுப் பிரிவுகளும் எப்படி உருவாயின என்பதைக் கல்வெட்டுகளைக் கொண்டு நிறுவியது அவரது பெரும்பணி.

கொங்கு மண்ணில்

இவ்விருது ஈரோட்டில் வழங்கப்படுவதற்கு அந்த மண்ணிலேயே ஒரு முன்மரபு இருக்கிறது. வழக்கறிஞரான கோவைகிழார் சி.எம். இராமச்சந்திரன் செட்டியார் கொங்கு வரலாற்றைத் தமிழில் எழுதியவர்களுள் முன்னோடி. மயிலை சீனி. வேங்கடசாமி கி.பி. 250 வரையான கொங்கு வரலாற்றைத் தனி நூலாக்கினார். ஈரோட்டுப் புலவர் செ. இராசு (1938–2023) கொங்குச் செப்பேடுகளையும் சமுதாய ஆவணங்களையும் ஊர் ஊராகத் தேடித் தொகுத்தவர். அறச்சலூர் இசைக் கல்வெட்டை வெளியுலகு அறியச் செய்தவர்களிலும் அவரே முதன்மையானவர். தமிழ் பிராமி எழுத்தில் தாளச் சொற்கட்டுகளைப் பொறித்த அந்தப் பாறை, தூரன் பிறந்த மொடக்குறிச்சி வட்டாரத்துக்கு அருகிலேயே இருக்கிறது.

விழா நடக்கும் மண்டபம் ஈரோடு – சென்னிமலைச் சாலையில் உள்ளது. அதே சாலையில் சென்னிமலையைக் கடந்து போனால் நொய்யல் கரையில் கொடுமணல். 1980களில் எ. சுப்பராயலு முதலியோரும் பின்னர் கா. ராஜனும் அகழ்ந்த அவ்வூர், கல்மணித் தொழிலையும் இரும்பு, எஃகு உருக்கலையும் வெளிப்படுத்தியது. எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன.

விழா

விருதளிப்பு மட்டுமல்லாமல், ஆய்வாளர்களோடு வாசகர்கள் நேரடியாக உரையாடும் அமர்வுகளும் நடக்கின்றன. வெளியூர்களிலிருந்து வருவோர் விழா நடக்கும் இடத்திலேயே தங்குகிறார்கள். கல்வெட்டாய்வாளரிடம் இளைஞர் ஒருவர் எழுந்து நின்று கேள்வி கேட்பதும், அவர் நிதானமாக விடை சொல்வதும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளிலேயே அரிதாகிவிட்ட காட்சி. விழாவில் நாகசுரக் கச்சேரியும் உண்டு. அதில் தூரன் இயற்றிய கீர்த்தனைகள் வாசிக்கப்படுகின்றன.